முழங்கால் விலை

மருந்துக்கு மசியாத கிருமிகளிடம் நோயாளியின் வீட்டார்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். பாவாத்தாளின் காலில் ஆறாத புண்ணுக்கு இருந்த ஊசியெல்லாம் போட்டுப் பார்த்த டாக்டர், கடைசியில் கையை விரித்தார். இனி உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாவாத்தாளின் புருஷன் சென்னியப்பன் மாட்டுத் தரகர். வாயால் விலை பேசி அவருக்குப் பழக்கமில்லை. தோளில் கிடந்த துண்டைப் புண்ணின்மேல் போர்த்தி, சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரியே கையை உள்ளே விட்டார். நொய்யரிசி போன்ற சின்னச் சின்ன விரல்கள் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டன. முழங்கால்வரை வேண்டும் என்றன. சென்னியப்பன் கால் சுண்டுவிரல் நகத்தில் ஆரம்பித்தார். கிருமிகள் சிரித்ததில் துண்டு லேசாக ஆடியது. அவருக்குச் சுர்ரென்று ஏறியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். சந்தையில் இப்படி நடந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இவை கூப்பிடவில்லை.

அவர் தோரணையைப் பார்த்த மற்றக் கட்டில்காரர்கள் தங்களுக்கும் பேசிக் கொடுக்கச் சொன்னார்கள். கேட்டு வந்தவர்களை அவர் எப்போதும் தட்டிக்கழித்ததில்லை. முதல் கட்டிலில் கட்டைவிரலுக்குப் படிந்தது. அடுத்ததில் கணுக்கால். ஜன்னலோரக் கட்டிலில் அவர் விரல் நோக அழுத்தியும் முழங்காலுக்குக் கீழே விலை இறங்கவில்லை. திரும்பி வந்து மனைவியின் காலில் துண்டை விரித்தபோது, அங்கிருந்தவை அவர் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தன.

"ஏனுங்க தரகரே, ஜன்னலோரத்துல முழங்காலே குடுத்திருக்காங்க. நாங்க எதுக்குங்க எறங்கோணும்? இனி தொடைங்க."

ஒவ்வொரு கட்டிலின் விலையையும் அவர்தான் கையில் சுமந்து திரிவதாகவும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரும்படியும் நர்ஸ் ரெஜினா சொன்னாள். சென்னியப்பன் வார்டே அதிரச் சத்தம் போட்டார். வியாபாரம் முடியும்முன் பேசின கையைக் கழுவுகிற தரகன் எந்தச் சந்தையில் இருக்கிறான், கைராசி என்னாவது என்று கேட்டார்.

பாவாத்தாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்க கைராசி பெருசா, எங்காலு பெருசா மாமா?"

அவர் குழாயடிக்குப் போனார். கட்டைவிரலும் கணுக்காலும் முழங்காலும் முணுமுணுத்துக்கொண்டே நுரையோடு சாக்கடையில் இறங்கின. துண்டையும் ரெஜினா வாங்கிக்கொண்டு வெளுத்த துணி ஒன்று கொடுத்தாள்.

கிருமிகளின் ஞாபகமெல்லாம் தொட்ட கையோடு சரி. புதுக் கையைத் தடவிவிட்டு, ஊருக்குப் புதுசுங்களா என்று மரியாதையாக விசாரித்தன. ஆமாம் என்றார். முதலிலிருந்து பேசினார்கள். வெயில் தாழ்வதற்குள் சுண்டுவிரலுக்கு முடிந்தது.

சுண்டுவிரல் கட்டிலைவிட்டு இறங்கி, கிருமிகளை முன்னே விட்டுத் தான் பின்னே நடந்தது.

"ஈரமாக் கெடக்குது, பாத்துப் போ கண்ணு" என்றாள் பாவாத்தாள்.

வாசலில் டவுன் பஸ் கொஞ்சம் நின்று அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.