முகவரி போதாது

வாசலில் நின்று வணக்கம் சொன்னேன். தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. நீலச் சீருடைத் துணி ஒன்று ஊசிக்கடியில் ஓடி மறுபக்கம் விழுந்தது. அடுத்ததை எடுத்து வைத்தாள். இது மூன்றாவது முறை. முதல் முறை வேலை இருக்கிறது என்றாள், இரண்டாம் முறை கதவையே திறக்கவில்லை. இன்று கதவு திறந்திருந்தது காற்றுக்காக, எனக்காக இல்லை.

“ரெண்டே நிமிஷம்க்கா,” என்றேன்.

“அக்கான்னு கூப்பிடாத. கேக்கறதக் கேட்டுட்டுக் கிளம்பு.”

என் வேலை அதுதான், கேட்பது. வசதியில்லாதவர்கள் வாழும் பகுதிகளுக்கு சிகிச்சை ஏன் போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடிக்கும் ஆய்வு. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி ரத்தம் எடுத்தேன். இவள் புருஷன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரிசல்ட் எப்போது தெரியும் என்று கேட்டார். சர்க்கரை அதிகமாக இருந்தால் தபாலில் கடிதம் வரும், அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்காமலே பார்ப்பார்கள் என்றேன். அப்படியென்றால் கடிதம் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா என்றார். ஆமாம் என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லி எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

போன வாரம் ஆபீஸ் பீரோவில் ஏதோ பழைய படிவத்தைத் தேடும்போது, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கையில் அகப்பட்டது. தபாலில் திரும்பி வந்த நாற்பத்தொரு சர்க்கரைக் கடிதங்கள், உறை பிரிக்காமல். எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரை: முகவரி போதாது. இந்தப் பகுதியில் வீடுகளுக்கு எண் கிடையாது. ‘தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சைக் கதவு’ என்று நான் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் வீட்டு எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. பச்சைக் கதவுக்கு இல்லை.

கட்டைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். இவற்றைக் கொடுக்க ஆய்வுக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் மறு கணக்கெடுப்பை முடி என்றார். நான் கட்டை யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று நாளாக இந்தத் தெருவில் நடக்கிறேன், ஒரு உறையைக்கூட வெளியே எடுக்கவில்லை.

தையல்காரி பதினாறு கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். வீட்டுக்காரர் உடம்பு எப்படி இருக்கிறது என்றதற்கு மட்டும், முட்டிக்குக் கீழே கால் இல்லை என்றாள், சட்டையில் பொத்தான் இல்லை என்பதுபோல. பதினேழாவது கேள்வியை டேப்லட்டில் இருந்தபடியே படித்தேன். நோய் இருப்பது தெரிந்தும் சிகிச்சைக்குச் செல்லாததற்குக் காரணம்: அக்கறையின்மை, பயம், தூரம், வேறு.

மிஷின் நின்றது.

“தெரிஞ்சும்னா? யாருக்குத் தெரிஞ்சும்?”

பையைத் திறந்து, அவள் புருஷன் பெயர் போட்ட உறையைத் தேடி எடுத்து, இத்தனை நாள் ஆபீஸ் பீரோவில் கிடந்தது என்று கொடுத்தேன். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள், துணி வெட்டுகிற அதே நேர்த்தியோடு. மேலே இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மீதியைப் படிக்கவில்லை. உள்ளறையைக் காட்டி, நீயே போய் அவருக்குப் படித்துக் காட்டு என்றாள்.

அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். படித்தேன். சர்க்கரை மிக அதிகம், இரண்டு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கவும். என் குரல் எனக்கே ரேடியோவில் யாரோ செய்தி வாசிப்பதுபோல இருந்தது.

“கால்ல புண்ணு வந்தப்போ ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இவ தினமும் நச்சரிச்சா,” என்றார். “நான்தான், டெஸ்ட் எடுத்தாச்சு, லெட்டர் வரல, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன்னறைக்கு வந்ததும் தையல்காரி என் தோளிலிருந்து பையை உருவி, துணி வெட்டும் மேஜையில் கவிழ்த்தாள். சாக்கட்டிக்கும் துணித் துண்டுகளுக்கும் மேலே உறைகள் சரிந்தன. மற்றவர்கள் பெயரை நீங்கள் பார்க்கக் கூடாது, அது ரகசியம் என்று தடுத்தேன்.

“ரெண்டு வருஷமா பீரோவுல இருந்தப்போ ரகசியம் பத்திரமாத்தான் இருந்துச்சு.”

ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்தாள். மூன்று உறைகளைத் தனியே எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். அந்த மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். மீதியை அடுக்கி என் கையில் திணித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். நானே கொடுத்துக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றேன்.

“உனக்குத் துணைக்கு வரல. நீ சொல்லும்போது உன் மூஞ்சியப் பாக்க வரேன்.”

வேலை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நடந்து முன்னே போயிருந்தாள். தெருவில் எதிர்ப்பட்ட யாரிடமும் அவள் பேசவில்லை, நான் பின்னால் வருகிறேனா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வீடு தள்ளி, ஹாஸ்டலில் சமைக்கிற அம்மாள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ரத்தம் எடுத்த பெண்தானே நீ, வா வா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மற்றவர்களெல்லாம் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துவார்களாம், நான் குத்தியது தெரியவே இல்லையாம். அதைத் தையல்காரியிடமும் சொன்னாள். தையல்காரி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பெயர் போட்ட உறை கட்டின் மேலாக இருந்தது. என் கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

நான் எதுவும் சொல்வதற்குள் அந்த அம்மாள் மேஜையிலிருந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, இடது கையை மல்லாக்க நீட்டி வைத்தாள்.

“இந்தத் தடவ இதுல எடும்மா. அந்தக் கை கரண்டி பிடிக்கணும்.”

முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.