ஆறாம் மேசையின் ஐஸ்கட்டி

அளவு ஜாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இரண்டாவது முறையும் பார்த்தாள் டீச்சர். அறுபத்திரண்டு மில்லி. ஒரு மணி நேரத்தில் ஆறாம் மேசையின் ஐஸ்கட்டி பாதிக்குப் பாதி தண்ணீராகியிருந்தது. மற்ற மேசைகளில் பதினெட்டு, இருபது, மிஞ்சிப்போனால் முப்பது. அவள் எண்ணை உரக்கச் சொன்னதும் கூடம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "ஸ்வெட்டர் போட்டுவிட்டா வேர்க்காம என்ன செய்யும்!" என்று கத்த, சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

போட்டி சுலபமானதுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, நாலு நாலு பேராக எட்டுக் குழு. குழுவுக்கு ஒரு கோப்பை ஐஸ். வீட்டில் கிடைப்பதைக் கொண்டுவந்து அதற்கொரு பெட்டி செய்யவேண்டும். யாருடைய ஐஸ் குறைவாக உருகுகிறதோ அவர்களுக்கு மெடல். பஞ்சு வந்தது, மரத்தூள் வந்தது, தெர்மாகோல் வந்தது. ஆறாம் மேசைக்கு மட்டும் ஒரு பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர் வந்தது. கொண்டுவந்தவள் டீச்சரின் வகுப்பிலேயே படிக்கும், மூக்குக்கண்ணாடி அடிக்கடி நழுவும் ஒரு சின்னப் பெண். குழுவில் அதே வகுப்பைச் சேர்ந்த மற்ற மூன்று பேரும், ஸ்வெட்டர் சூடாயிற்றே, ஐஸ் உருகிவிடாதா என்று அவளோடு மல்லுக்கு நின்றார்கள். அவள் விடவில்லை. "ஸ்வெட்டருக்குள்ள அடுப்பா எரியுது? சூடு நம்ம உடம்போடது. அது வெளிய போகாம ஸ்வெட்டர் பிடிச்சு வெக்குது. அதே மாதிரி வெளிய இருக்கற சூட்டையும் உள்ள விடாது." இரண்டு நாள் ஒற்றை ஆளாக வாதாடித்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தாள். தற்செயலாக அதைக் கேட்டுக்கொண்டே நடந்த டீச்சருக்கு, இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை என்று பட்டது. அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

இப்போது அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் மேசையின் மறுபக்கத்துக்கு நகர்ந்திருந்தார்கள்.

டீச்சருக்கு அங்கே போய் ஏதாவது சொல்லத்தான் நினைப்பு. ஆனால் முடிவைப் பலகையில் எழுதவேண்டும், மெடல் கொடுக்க வந்தவரை வாசல்வரை வழியனுப்பவேண்டும், ஈரத் தரையில் யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இதைத் தொடர்ந்து நான்காவது வருடமாக அவள்தான் நடத்துகிறாள். முதல் வருடம் நன்றாகச் செய்து தொலைத்ததுதான் குற்றம். "உங்க கை பட்டாத்தான் டீச்சர் துலங்குது" என்று மற்றவர்கள் பாராட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். மேசை இழுத்துப் போட்டது, பெற்றோருக்குக் கடிதம் எழுதியது, என் பிள்ளையை ஏன் அந்தக் குழுவில் போட்டீர்கள் என்று வந்த ஏழு பேருக்குப் பதில் சொன்னது, எல்லாம் அவள். பள்ளி ஃப்ரிட்ஜ் பழுதானதால் ஐஸ்கூட அவள் வீட்டில்தான் உறைந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். கணவர் பஸ் டிரைவர். விடியற்காலை முதல் வண்டி அவருடையது. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அந்த வெள்ளைக் கப்பு ஐஸ் நல்லா உறைஞ்சுதா?"

"எந்த வெள்ளைக் கப்பு?"

"காலையில டியூட்டிக்குக் கெளம்பறப்போ ஃப்ரீசரத் தொறந்தேன். உன் நீலக் கப்புல ஒண்ணு உருண்டு கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு. அப்பறம் அதே சைஸ்ல வெள்ளையில ஒண்ணு தேடி, தண்ணி ஊத்தி வெச்சிட்டுப் போனேன்."

"என்னங்க... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கத்திரிக்கோலக் கையில புடிச்சபடியே மேசையில தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் முழுதும் எங்கே உறையும்? மேலே ஓடு கட்டியிருக்கும், நடுவில் தண்ணீராகவே நின்றிருக்கும். ஏழு நீலம், ஒரு வெள்ளை. எண்ணிக்கையில் தனக்குத்தான் பிசகிவிட்டது என்று நினைத்து, அந்த வெள்ளைக் கோப்பையை அவளே தன் கையால் ஆறாம் மேசையில் வைத்திருந்தாள்.

கோபப்பட நினைத்தாள். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அவர் மடித்த துணிகளில் அவளுடைய புடவைதான் மேலாக இருந்தது, மூலைக்கு மூலை சரியாக. "ஏதாவது தப்பாப் போச்சாம்மா?" என்று அவர் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

சனியும் ஞாயிறும் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள், நாலு நாளில் மறந்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. கிணறு வெட்டிப் பூதத்தை ஏன் கிளப்பவேண்டும்? ஆனால் துணி துவைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. தோற்றது போகட்டும். கம்பளி ஐஸை உருக்கும் என்று ஒரு கூடம் முழுக்கப் பிள்ளைகள் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். சரியாக யோசித்த ஒரே ஒருத்தியும் அதை நம்பியிருப்பாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. "போட்டோ எல்லா பேரன்ட்ஸுக்கும் போயாச்சு டீச்சர். மெடலப் போய் அஞ்சாம் கிளாஸ் பிள்ளைங்க கழுத்துல இருந்து கழட்டவா? ஒரு ஐஸுக்குப் போய் இவ்வளவா?"

"மெடல் வேண்டாம் மேடம். என் கிளாஸ்ல மறுபடி செஞ்சு காட்டறேன்."

"உங்க பீரியட், உங்க இஷ்டம். என் காதுக்கு வராமப் பாத்துக்கோங்க."

மறுநாள் ஒரு கோப்பைத் தண்ணீரை இரவு முழுக்கக் கல்லாக உறையவைத்து, துணிசுற்றிப் பையில் கொண்டுவந்தாள். குப்பைக்குப் போகக் காத்திருந்த அட்டைப்பெட்டிகளின் நடுவே அந்த ஸ்வெட்டர் கிடந்தது. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கவில்லை.

மேசையில் அதைப் பார்த்ததும் வகுப்பு களுக்கென்றது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்க வா" என்றாள் டீச்சர். "அன்னைக்கு மாதிரியே சுத்திக் காட்டு."

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"ஸ்வெட்டர் சூடுதான் மிஸ். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினாள். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, அன்றைக்கு ஆறாம் மேசைக்குப் போனது அரைகுறையாக உறைந்த ஐஸ் என்றும், பார்க்காமல் கொடுத்தது தன் தப்பு என்றும் சொன்னாள். கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பு நின்றது. டீச்சர் தப்பு செய்வார் என்பதே பலருக்குப் புதிய சேதியாக இருந்தது.

அந்தப் பெண் வந்து கோப்பையைச் சுற்றினாள். விரல்களில் அவசரமில்லை. ஸ்வெட்டரின் கைகளைக் குறுக்கே மடித்து, கழுத்துப்பக்கத்தை உள்ளே திணித்து, பெட்டியில் இறக்கி மூடினாள். ஒரு மணி நேரம் டீச்சர் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையும் கணக்கைப் பார்க்கவில்லை. அவளுமே பார்க்கவில்லை. இதுவும் உருகிவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்ததும் திறந்து, தண்ணீரை ஜாடியில் ஊற்றினாள். குழுவிலிருந்த வாயாடிப் பையன்தான் எட்டிப் படித்தான். "பதினாறு!"

கூச்சல் அடங்கச் சற்று நேரமாயிற்று. "அப்போ நாங்கதானே மிஸ் ஃபர்ஸ்ட்டு?" என்றான் அவன்.

"ஆமா. கணக்குப்படி நீங்கதான்."

"மெடல்?"

"மெடல் அவங்ககிட்டயேதான் இருக்கும்."

அவன் அவளையே பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தான். மற்ற இருவரும் அவன் பின்னால் போனார்கள். கண்ணாடிக்காரியைத் தங்கள் பெஞ்சுக்குக் கூப்பிடலாமா என்று அவர்களுக்குள் முழங்கையால் இடித்துக்கொண்டது டீச்சருக்குத் தெரிந்தது.

காலையிலிருந்து முதல்முறையாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் இன்னும் மேசையருகிலேயே நின்றிருந்தாள். ஸ்வெட்டரை உதறி, அதன் வலது கைக்குள் தன் கையை நுழைத்தாள், முழங்கைவரை, பிறகு தோள்வரை. உள்ளே விரல்கள் மெல்ல ஊர்ந்து எதையோ தேடுவதுபோல் அந்தச் சாம்பல் துணி அசைந்தது. "இன்னும் ஜில்லுன்னு இருக்கு மிஸ்" என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல், கையை வெளியே எடுக்காமலே.