பதினொரு நிமிடம் பிந்தி வந்த குரல்

வீடு மாறி வந்த பிறகு, கண்ணாடிக்கடைக்காரியின் பாட்டுக் குரல் அவள் வாயைத் திறந்து பதினொரு நிமிடம் கழித்துத்தான் வந்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. கணவரைக் கடிந்துகொள்வதும் போனில் அக்காவோடு வம்பளப்பதும் உடனுக்குடன் நடந்தன; பாட்டு மட்டும்தான் பிந்தியது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கு வேலை மாற்றல் வந்ததால், பதினொரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் அவர். சமையலறையில் ஒரு தடவை, குளியலறையில் ஒரு தடவை அவளைப் பாடச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு இடத்திலும் பதினொன்று. அவள் அங்கே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பாடிய இடத்துக்கே குரல் வந்து பாட்டை முடித்துவிட்டுத்தான் போனது. "ஒரு மணி நேரத் தூரத்துக்கு ஒரு நிமிஷம். கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார், பழுதைக் கண்டுபிடித்த திருப்தியோடு. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் பளிச்சென்று இருப்பதாகச் சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

பழைய ஊர்த் திருச்சபையில் இருபத்திரண்டு வருடம் பாடியவள் அவள். கிளம்பும்போது அங்கிருந்த போதகர், இந்தச் சகோதரியை உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளவும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். தன் குரலுக்கு இடம் கொடுக்கும் சபையில்தான் அதைக் கொடுப்பது என்று மனதுக்குள் ஒரு வீம்பு. வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஊராருக்கு லென்ஸ் தேய்த்தாள். பாதி ஊரின் பவர் அவளுக்கு மனப்பாடம், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லையென்றால் இந்த ஊரில் தான் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள்.

முதலில் போன சபை பெரியது. டிரம்ஸ், திரை, வாசலில் கார்களை ஒழுங்குபடுத்த ஆறு பேர். அவள் குரல் பிரசங்கத்துக்கு நடுவே வந்தது. ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. இரண்டாவது சபையில் அதற்கு நேர்மாறாக, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மௌன ஜெபத்தின்போது, மூடிய அவள் வாயருகிலிருந்து பாட்டு கணீரென்று எழுந்தது. வரவேற்பாளர் குனிந்து, "போனை ஆஃப் பண்ணுங்கம்மா," என்றார். அவள் கைப்பையோடு எழுந்து வெளியே போனாள். காலி பெஞ்ச் இன்னும் இரண்டு சரணம் பாடியதாகவும், வரவேற்பாளர் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போனைத் தேடியதாகவும் பிறகு கேள்விப்பட்டாள். "வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கலாமே, விடு," என்றார் கணவர். இன்னும் ஒரே ஒரு இடம் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன் என்றாள்.

மூன்றாவது சபை டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினான்கு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு தேநீர்க் கெட்டில். போதகர் வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதல் பாட்டு முடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு நைசாகப் படியை நோக்கி நகர்ந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் போதகர்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல என் குரல் வரும் ஐயா. உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"பதினொரு நிமிஷம்."

"கடைசிப் பிள்ளை ஏறாம நான் வண்டி எடுத்ததே இல்லம்மா. உட்காருங்க," என்று அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று யாரோ கெட்டிலைப் போட்டார்கள். தையல்காரி தன் முட்டிவலியைச் சொன்னாள், தபால்காரர் மருமகனைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடமாக ஒன்றாக ஜெபித்தவர்கள் ஒருவரையொருவர் அன்றுதான் விசாரித்துக்கொண்டார்கள். சொன்ன நேரத்துக்கு அவள் நாற்காலியிலிருந்து பாட்டு வந்தது. எல்லோரும் கோப்பையை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்கள். அவள் அழுதாள். பிறகு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கியிருந்தது.

அதன்பின் எல்லாப் பாட்டையும் முதலிலேயே பாடிவிட்டு உட்கார்ந்து காத்திருப்பது அந்தச் சபையின் வழக்கமானது. பதினொன்று ஏழாகி, ஏழு நாலாகி, ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிறு குரல் வாயோடு சேர்ந்தே வந்துவிட்டது. கூட வந்திருந்த மெக்கானிக் கணவர் கடிகாரத்தை உதறிப் பார்த்தார். காத்திருக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் போதகர் வழக்கம்போல உட்கார்ந்தார், கெட்டில் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தார், வாசலை அடைக்கும் ஆகிருதி. பாட்டு ஆரம்பித்ததும் அகலமாக வாயைத் திறந்தார், காற்றுகூட வரவில்லை. முகம் சிவந்து, பாட்டு முடிவதற்குள் படியை நோக்கித் திரும்பினார். கண்ணாடிக்கடைக்காரி தன் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்கண்ணே. உங்களுக்கு எத்தனை நிமிஷம்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இருபத்தாறு," என்றார்.

தபால்காரர் எழுந்து போய் கெட்டிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.