டச்பேடும் சபாபதியின் வலது கையும்

திங்கட்கிழமை காலை லேப்டாப் புது விண்டோஸுக்கு மாறியிருந்தது. சபாபதி அன்னப் பார்டர் டிசைனைத் திறந்து டச்பேடில் விரலை வைத்ததும் அம்புக்குறி எங்கெங்கோ தாவியது. பட்ட இடத்திலெல்லாம் டிசைனின் சிறு கட்டங்கள் நிறம் மாறின. பத்து நிமிடத்தில் ஓர் அன்னத்துக்குக் கழுத்து இரண்டாகிவிட்டது.

விரலைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது.

பட்டுச் சேலைக் கடை ஒன்றுக்கு டிசைன் வரைவது அவர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்து வலது கை துவண்டது. ஆறே மாதத்தில் கை தேறிவிட்டதென்று எல்லோரிடமும் சொன்னார். முன்போலவே வரைய வந்ததால் அவரும் நம்பினார். இப்போது மறுபடியும் வந்துவிட்டதோ என்று பயந்தார். வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். பழைய சீட்டைப் புரட்டினார்.

"புதுசா ஒண்ணும் இல்ல. போன வருஷம் எப்டி இருந்துச்சோ அப்டியேதான் இருக்குது. இந்த நடுக்கம் அப்பவும் இருந்ததுதான்."

அப்படியென்றால் மாறியது லேப்டாப். சபாபதிக்குக் காவேரியின் நினைவு வந்தது. பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள். அவர் உடம்பு தேறி வந்த புதிதில், வேலையை விடும் முன், அவருடைய லேப்டாப்பில் வெகுநேரம் எதையோ செய்துகொண்டிருந்தாள். வாலாஜாபாத்தில் சொந்தமாக டிசைன் கடை போட்டாள். தன்னை அம்போவென்று விட்டுப் போனாள் என்ற கோபத்தில் அவர் கடைத் திறப்புக்குப் போகவில்லை, பிறகு பேசவும் இல்லை.

போன் செய்தார்.

"லேப்டாப்புல எதனா மாத்தி வச்சிருந்தியாமா?"

"அப்டேட் போட்டீங்களாண்ணா? எல்லாம் பழையபடி ஆயிருக்கும். செட்டிங்ஸ்ல டச்பேட்னு இருக்கும் பாருங்க. சென்சிட்டிவிட்டிய லோல வைங்க. ஒரு விரல் பட்டா கிளிக் ஆவறத எடுத்துடுங்க. அழுத்தினாதான் ஆவணும்."

அவள் சொன்னபடியே செய்தார். விரல் நடுங்கியது, ஆனால் தானாக எதுவும் கிளிக் ஆகவில்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேமா."

"வெரலு நடுங்கறதப் பாத்துதான் மாத்தி வச்சேன். நீங்க கை நல்லாயிடுச்சுன்னு சந்தோஷமா சொல்லிக்கினு இருந்தீங்க. அத ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

அவருக்குள் முதலில் எழுந்தது கோபம்தான். அது யார் மேல் என்று யோசித்தபோது காவேரி மேல் இல்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ் ஏறினார். சின்னக் கடை, இரண்டு கம்ப்யூட்டர். காவேரி டீ நீட்டினாள். சபாபதியின் இடது கை முன்னால் போய், பாதியில் நின்றது.

"தப்பா நெனைக்காதமா. வலது கை நடுங்குது, சிந்திடும்."

இதுவரை அவர் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. காவேரி பாதி டீயை இன்னொரு கிளாஸில் ஊற்றினாள்.

"இப்ப புடிங்கண்ணா."

வலது கையால் வாங்கிக்கொண்டார்.