மழை பெய்த மேட்டின் கணக்கு

மகேந்திரனின் மானம் ஊர் பார்க்கப் போக வேண்டும். கலாதேவி சாமியிடம் கேட்ட வரம் அது ஒன்றுதான். அவள் தம்பி தர்மா, மகேந்திரனிடம் லாரி ஓட்டியவன். மழை நாளில் செம்மண் மேட்டில் அவனை ஏறச் சொன்னான் மகேந்திரன். லாரி சறுக்கிக் கவிழ்ந்து, தம்பியின் கால் போனது. "குடிச்சிட்டு ஓட்டுனான்" என்று போலீசில் வாய் கூசாமல் சொன்னான் அந்தப் பாவி. தர்மாவோ பீர் வாடைக்கே முகம் சுளிப்பவன்.

அந்த மகேந்திரன்தான் இப்போது பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். முந்நூறு கிலோ வெண்கல மணியை மணிக்கோபுரத்தில் ஏற்ற வேண்டும். உச்சியில் ஒரு கப்பி, அடியில் ஒரு கப்பி. கயிற்றின் மறுமுனையைப் பிக்கப்பில் கட்டி, பக்கத்து மேட்டில் வண்டியை ஏற்றினால் மணி மேலே போய்விடும். இதுதான் ஐயாவின் திட்டம். வண்டியைத் தானே ஓட்டப்போவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், ஈப்போ ஸ்கூல்ல பிசிக்ஸ்தானே சொல்லித் தர்றீங்க? இழுக்குமான்னு பாத்துச் சொல்லுங்கலா," என்று கலாதேவியிடம் கேட்டான்.

அவள் படம் வரைந்தாள். வண்டியின் எடையில் ஒரு பங்கு சரிவோடு கீழே இழுக்கும். கயிறு வழியாக மணியும் கீழே இழுக்கும். இரண்டையும் தாங்க டயருக்கும் மண்ணுக்கும் உள்ள உராய்வை விட்டால் வேறு நாதியில்லை. காய்ந்த மண்ணில் அது தாராளமாகவே போதும்.

"இழுக்கும்," என்றாள். மழை பெய்தால் உராய்வு பாதியாகிவிடும், வண்டி பின்னால் சறுக்கும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். மலேசியாவின் பேராக்கில் சாயங்கால மழைக்கா பஞ்சம்?

மறுநாள் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் மணியைக் கட்டினார்கள். கலாதேவி முதல் ஆளாக வந்து நின்றாள். அவளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் மகேந்திரன் வண்டியில் ஏறவில்லை. சாவியைத் தன் டிரைவர் சீனியிடம் நீட்டினான்.

"ஏறுடா. ஒண்ணும் ஆவாது."

தன் பழிக்கு இன்னொருவன் கால் போவதா?

"சீனி, ஏறாத!" என்று கத்தினாள். "நேத்து நான் சொன்னது காஞ்ச மண்ணுக்கு. இப்ப ஏறுனா மணி உன்ன வண்டியோட கீழ இழுத்துரும். தலைவருக்கு நம்பிக்கை இருந்தா அவரே ஓட்டட்டும்."

கூட்டம் மொத்தமும் மகேந்திரன் பக்கம் திரும்பியது. அவன் மேட்டைப் பார்த்தான்.

"வெளையாடுறீங்களா டீச்சர்? மழ பேஞ்ச மேட்டுல எவனாச்சும் வண்டி ஏத்துவானா?"

"தர்மா ஏத்துனான். நீங்க ஏத்தச் சொன்னீங்க."

பூக்கட்டும் இருளாயிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப அந்தப் பையன் குடிக்கலையா தலைவரே?"

மகேந்திரனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஊர் வாயிலிருந்து இந்த ஒரு கேள்வி வரத்தான் கலாதேவி இத்தனை நாள் காத்திருந்தாள்.