அமில்கார் மைக்கில் சொன்னது

அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் அறுபத்தாறாம் தெருவிலிருந்த பழைய சேமியா ஆலையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசித்த பாட்டு வியாழக்கிழமை சாயங்காலம்தான் காதில் விழுந்தது. ஆரம்பத்தில் இவ்வளவு தாமதம் இல்லை. ஆலைக்காரி சுலேமா அதன் இயந்திரங்களையெல்லாம் விற்றுவிட்டு, ஒரு மூலையில் பலகை மேடை போட்டு, ஊரில் வேறு எவரும் உள்ளே விடாத குழுக்களுக்கெல்லாம் இடம் கொடுக்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், கிதாரில் விரல் படுவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஒரு இமைப்பொழுதுதான் இடைவெளி. ஒயர் பழசு என்றார்கள். ஒயரை மாற்றினார்கள். அடுத்த மாதம், குழு வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸும் அப்படியே தாமதமாக வந்ததும்தான், டிரம்ஸுக்கு ஏதடா ஒயர் என்று யோசித்து, ஒயரைத் திட்டுவதை விட்டார்கள். வசந்தம் வருவதற்குள் தாமதம் வளர்ந்து வளர்ந்து வியாழக்கிழமையில் வந்து நின்றுகொண்டது. மேடைமேல் எழுந்த பாட்டு, பேச்சு, தும்மல் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி. மேடைக்குக் கீழே நாங்கள் போடும் கூச்சல் மட்டும் வழக்கம்போல் உடனே கேட்டது. வேறு ஊராயிருந்தால் கடையை மூடியிருப்பார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம், வியாழக்கிழமை கேட்கப் போனோம். சுலேமா இரண்டு நாளும் பீர் விற்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாட்டின் வரிகளைச் சேர்ந்து பாடுவது எந்த ஊரிலும் நடக்கிறதுதான். நாங்கள் கிதார் வாசிப்பதையும் வாயால் பாடுவோம். வார்த்தையே இல்லாத இடத்தில் ஓஓ என்று தொண்டை கிழியக் கத்தி, கையைத் தூக்கி, குதித்து, கிதார்க்காரனையே வெட்கப்பட வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஊமைப்படம் ஓடும், கீழே நாற்பது பேர் அவர்கள் விரலைப் பார்த்து மெட்டைப் பாடிக்கொண்டிருப்போம். வியாழக்கிழமை நிஜமான சத்தம் வந்தால் அதன் தலையிலும் ஏறி உட்கார்ந்து பாடுவோம். உள்ளதைச் சொன்னால், அந்த ஆலையில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டவன் என்று ஒருவனும் கிடையாது. 'ஒன்றுவிட்ட சகோதரர்கள்' என்று ஒரு குழு இருந்தது. மூன்று பேரில் யாரும் யாருக்கும் சொந்தமில்லை, ஒருத்தி பெண் வேறு. சலவை இயந்திரத்தின் மோட்டாரையும் மேடைக்குக் கொண்டுவந்து வாசிப்பார்கள். அவர்களுக்கு இருபது நிமிஷம் ஒரே சுரத்தில் போகிற பாட்டு ஒன்று உண்டு. அந்த ஒரு சுரத்தையும் நாங்கள் விடாமல் பாடினோம். பேக்கரிக்காரன் குண்டு நெஸ்தோர் அதில் மூச்சு முட்டி இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறான்.

அந்தக் குழுவில் பாடுகிறவன், கிதார் வாசிக்கிறவன் அமில்கார். ஒல்லியான ஆள், பெரிய மீசை. அவனோடு குடித்தனம் நடத்தியவள் நில்டா, ஆலையின் ஒலிப்பலகையில் உட்காருகிறவள். சத்தமே வராத இடத்தில் சத்தத்தைச் சரிசெய்வது எப்படி என்று கேட்காதீர்கள், அவள் செய்தாள். முள் எவ்வளவு ஆடுகிறது, விளக்கு எங்கே சிவக்கிறது, எவன் எவ்வளவு ஓங்கி அடிக்கிறான் என்று கண்ணாலேயே பார்த்து ஏற்றி இறக்குவாள். வியாழக்கிழமை கேட்டால் ஒன்றோடொன்று மோதாமல், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். பியூனஸ் அயர்ஸிலிருந்து வந்த குழுக்கள்கூட, இந்த ஊரில்தான் எங்கள் பாட்டு எங்களுக்கே புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. அமில்கார் அவளை ஒல்லி என்று கூப்பிடுவான். அவள் அவனை மீசை என்பாள்.

சண்டை வந்தது ஒரு பிறந்தநாள் விருந்தில். டிரம்ஸ் வாசிக்கிற தெல்மா வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வைன் உள்ளே போன தைரியத்தில் அமில்கார், "எங்காளுக்கு இருக்கிற வேலை உலகத்துல யாருக்கும் இல்லப்பா. ஒண்ணுமே கேக்காத இடத்துல உக்காந்து சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கிறா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னான், பாவி. நில்டா சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"கேக்காத எடத்துல நான் எதுக்கு இருக்கேன்? நீ உன் துணியெல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றாள்.

அவன் தெல்மா வீட்டு சோபாவில் படுத்தான். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு ஆலையில் வாசித்தது. நில்டா பலகையில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்து வேலை செய்தாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அமில்கார் மைக்கருகே வந்து, நேரே அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். நாற்பது பேரும் பார்த்தோம். நில்டாவும் பார்த்துவிட்டாள், ஆனால் வீம்பு விடவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு வாசித்தான். கடைசிச் சுரம் முடிந்ததும் வாய் திறக்காமல் கிதாரைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனான். செவ்வாய்க்கிழமை ஒலவாரியாவுக்குப் போகும் சாலையில், அவன் போன பஸ் லாரியில் மோதி, அமில்கார் செத்துப்போனான்.

வியாழக்கிழமை ஆலை நிரம்பி வழிந்தது. நில்டா பலகைக்குப் பின்னால் கறுப்பு ஸ்வெட்டரோடு நின்றாள். சத்தம் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அதற்கப்புறம் வாசித்த குழுக்களின் பாட்டெல்லாம் தவறாமல் அததன் வியாழக்கிழமையில் வந்து சேர்ந்தது. அந்த ஒரு கச்சேரி மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. என்ன சொல்லியிருப்பான் என்பதில் ஊர் இரண்டுபட்டது. மீசை உதட்டை மறைத்தது, மிச்சத்தை மைக் மறைத்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான் என்றான் நெஸ்தோர், சத்தியமே செய்தான். "போடா, பீர் கேட்டான், எனக்குத் தெரியாதா அவனை?" என்றாள் சுலேமா. பின்னால் உட்கார்ந்திருந்த தெல்மாவுக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும்தான். போய்த் தொலை என்று சொன்னதாகவும் இரண்டு பேர் நினைத்தார்கள். நல்லவேளை, அதை அவள் காதுபட யாரும் சொல்லவில்லை. ஆனால் நில்டா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். கோபத்தோடே போய்விட்டானா, இல்லையா. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரு வியாழக்கிழமை எங்களிடம் வந்து, "உங்க யார்கிட்டயும் நான் எதுவும் கேட்டதில்ல. அது வர்ற அன்னிக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு இருங்க. பாடாதீங்க" என்றாள்.

சொல்வது சுலபம். நாங்கள் வேறு குழுக்களின் வியாழக்கிழமைகளில் பழகிப் பார்த்தோம். முதல் பாட்டு வரை தாக்குப்பிடிப்போம், இரண்டாவதில் எவனாவது மூக்கால் முனக ஆரம்பிப்பான், அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகும். இப்படியே பதினொரு வருஷம் போயிற்று. மூன்று அரசாங்கம் மாறியது. நெஸ்தோருக்கு முடி கொட்டியது. தெல்மாவின் மகள் பிறந்து, வளர்ந்து, தாயைவிட நன்றாக டிரம்ஸ் அடித்தாள். நில்டா ஒவ்வொரு கச்சேரிக்கும் பலகையில் உட்கார்ந்தாள், யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, யார் வீட்டு விருந்துக்கும் போகவில்லை. அடுக்குமாடி கட்டுகிற ஒருவர் வருஷாவருஷம் வந்து இடத்தைக் கேட்டார். "ஒருத்தன் பேசினது இன்னும் வந்து சேரலை. வந்துட்டுப் போகட்டும், அப்புறம் தரேன்" என்று சுலேமா அனுப்பிவிடுவாள். அவரும் இந்த ஊர்க்காரர், சரி என்று போய்விடுவார். கடைசியில் சுலேமாவின் முழங்கால் கைவிட்டது. மார் தெல் பிளாட்டா என்ற கடற்கரை ஊரிலிருந்து அவள் மகள் வந்து, அம்மாவை அழைத்துப் போயே தீருவேன் என்று நின்றாள். சுலேமா கையெழுத்துப் போட்டாள். போட்ட அன்று நில்டாவைக் கட்டிப்பிடித்து, "என்னால முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பார்த்துட்டேன்டி கண்ணு" என்று அழுதாள். திங்கட்கிழமை இடிக்க வருவதாக ஏற்பாடு. சுவர் போனால் சத்தம் எங்கே வந்து இறங்கும்?

அது நவம்பர், லிண்டன் மரங்களெல்லாம் பூத்து ஊரே மணக்கிற மாதம். புதன்கிழமை, மத்தியானத் தூக்க நேரம், கடைகள் பூட்டியிருந்தன. சுலேமா மேடையருகே பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலி மேடையில் யாரோ இருமினார்கள். அமில்காரின் சிகரெட் இருமல். பிறகு தெல்மாவின் குச்சிகள் நாலு தட்டுத் தட்டின, முதல் பாட்டு ஆரம்பித்தது. சுலேமா முழங்காலை மறந்து தெருவுக்கு ஓடி, "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று கத்தினாள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செருப்பில்லாமல் வந்தவர்கள், தலையணைத் தடம் கன்னத்திலேயே இருக்க வந்தவர்கள், மாத்தே என்கிற எங்கள் ஊர்த் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடியே வந்தவர்கள் என்று ஆலை நிறைந்தது. நில்டா மூன்றாவது பாட்டில் வந்து சேர்ந்தாள். தோழியின் சலூனில் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவள், கழுத்தில் துண்டோடு, தலை நிறையக் கறுப்புக் குழம்போடு ஓடிவந்தாள். நெற்றியில் சாயம் வழிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வழி விட்டோம், நேரே பலகைக்குப் போய் அதைப் போட்டாள்.

நாங்கள் பாடவில்லை. இதை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் இதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. எங்களுக்கு மனப்பாடமான பாட்டுகள், எங்கள் உயிரான மெட்டுகள், ஒவ்வொன்றாக வந்து காதருகே நின்று கூப்பிட்டன. இருபது நிமிஷ ஒற்றைச் சுரமும் வந்தது. நெஸ்தோர் பையிலிருந்த ரொட்டியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு கண்ணீர் வடித்தான். தெல்மா மகளின் வாயைப் பொத்தினாள், மகள் அவள் வாயைப் பொத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குழுவின் பாட்டு எங்களுக்குக் காதில் விழுந்தது. நன்றாக இருந்தது. இத்தனை நாள் இதையா கத்திக் கெடுத்தோம் என்று வெட்கமாயிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் மேடை அமைதியானது. காலடிச் சத்தம் மைக்கை நோக்கி வந்தது. அமில்காரின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் பயந்தது போலவும்கூட, சொன்னது:

"ஒல்லி, என் குரல் எனக்கே கேக்கல. நீ இல்லாம ஆகாது. கொஞ்சம் ஏத்திவிடேன்."

எங்களில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். இதற்கா பதினொரு வருஷம் என்று முகத்தில் எழுதியிருந்தது. பீர்கூட இல்லையே என்று சுலேமா முணுமுணுத்தாள். நில்டா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும்தான்.

"எதுவுமே கேக்காத எடத்துல என்னத்தடா ஏத்தச் சொல்ற, மீசை! மன்னிப்புக் கேக்கறதையும் நேரா கேக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள். சாயம் பிசுபிசுத்த விரலால், பாடகனின் குரலுக்கு உள்ள குமிழைத் தேடிப் பிடித்து, மெதுவாக மேலே தள்ளினாள்.

முள் எழுந்தது. கடைசிப் பாட்டு வந்தது, அவன் குரல் மற்றெல்லாவற்றுக்கும் மேலே தெளிவாக நின்றது. பாதிப் பாட்டில் நில்டா எங்கள் பக்கம் திரும்பினாள். "என்ன, எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? பாடுங்களேன்!" என்றாள். நெஸ்தோர் ரொட்டியைத் துப்பினான். அப்புறம் நாங்கள் பாடினதை அடுத்த தெருவின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் மேடையில் கிதாரைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், "ஆங். இப்பக் கேக்குது, ஒல்லி" என்றான் அமில்கார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டாவது தடவை வாய் திறந்ததை நாற்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. அதைப் பற்றி யாரும் தர்க்கம் செய்யவில்லை. நில்டா குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, பலகையை அணைத்தாள். சாயம் காய்ந்து தலை அரிக்கிறது, கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு சலூனுக்குத் திரும்பிப் போனாள்.