மஞ்சள் டேப் சுற்றிய லென்ஸ்

எனக்கென்று சொந்தமாக ஒரு டெலி லென்ஸ் கிடையாது. பதினோரு வருடம் பொன்முடி அடிவாரத்தில் பறவை பார்த்து அலைந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வலையே இல்லாத மீன்காரனை யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு, இரும்பு அலமாரியில் இருந்த லென்ஸ்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஒரு 24, ஒரு 50, பூச்சி எடுக்கிற 105 மாக்ரோ, அதோடு சேர்க்கிற வளையங்கள் மூன்று. பூவையும் வண்டையும் மூக்குக்குக் கீழே வைத்து எடுக்க எல்லாம் இருந்தன. பத்தடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒரு குருவியை எடுக்க ஒன்றும் இல்லை.

அந்த அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும். திருவனந்தபுரத்து மழைக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தன் கல்யாணப் பட்டுக்கு இல்லாத விளக்கு இந்தக் கண்ணாடிகளுக்கு எதற்கு என்று என் மனைவி எலிசாள் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ஆராதனை முடிந்து வந்தவள் கட்டிலைப் பார்த்து, விற்கப் போகிறேனா என்று கேட்டாள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று யோசிக்கிறேன் என்றேன்.

"லென்ஸப் பத்தி இப்ப யோசிச்சு என்ன? ஆளப் பத்தியல்லே அன்னைக்கு யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அந்த ஆள் பகவதிப்பெருமாள். நாகர்கோவில்காரன், இங்கே ஒரு வங்கியில் அதிகாரி. நான் பாறசாலைக்காரன், அரசு அச்சகத்தில் கேமரா பிரிவில் வேலை. இந்த ஊர் போட்டோகிராபி கிளப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். ஒட்டியதோடு நிற்கவில்லை, ஒரு ஒப்பந்தமும் போட்டோம். இரண்டு பேரும் ஒரே கம்பெனி கேமரா வாங்குவது, ஒருவனிடம் இருக்கிற லென்ஸை மற்றவன் வாங்காமல் இருப்பது. "நீ கிட்டத்துல பாரு மக்கா, நான் தூரத்துல பாக்கேன்" என்றான் பெருமாள். டெலி எல்லாம் அவனிடம், மாக்ரோ என்னிடம். பறவைக்குப் போகும்போது அவனுடைய 300 டெலியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவன் என் மாக்ரோவைக் கேட்டதே இல்லை. பூச்சியைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும்.

சாமான் கலந்துவிடக் கூடாது என்று என் லென்ஸ்களில் மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தேன். பொன்முடி அடிவாரத்துக் கல்லாறில் லிங்கராஜ் அதைப் பார்த்துவிட்டு, "சார் லென்சுக்கும் மஞ்சக்கயிறு கட்டியாச்சு" என்று சிரித்தான். லிங்கராஜ் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். காட்டில் தினக்கூலி வாட்சர். அவன் மனைவி மாடம்மாள் ஆற்றோரத்தில் ஒரு சாயாக்கடை வைத்திருந்தாள். மாக்ரோவைத் தோளில் தொங்கவிடாமல் நான் கல்லாறுக்குப் போனதே கிடையாது. வேறொருவன் கையில் அவன் அதைப் பார்த்ததும் கிடையாது. இந்த லென்ஸ் வந்தால் நான் வந்த மாதிரி என்று ஒருநாள் அவனிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

தொண்ணூற்றாறு ஜனவரியில் லிங்கராஜ் எனக்கு ஒரு ஜோடித் தவளைவாயனைக் காட்டினான். மலையாளத்தில் மாக்காச்சிக்காடை என்பார்கள். இரவில் இரை தேடுகிற பறவை. பகல் முழுக்கக் காய்ந்த இலை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும். உள்ளங்கை அளவு கூடு, அதில் ஒரே ஒரு முட்டை. பக்கத்தில் போய் நின்றாலும் பறக்காது. தான் அங்கே இருப்பது நமக்குத் தெரியவில்லை என்று அது அவ்வளவு உறுதியாக நம்பும். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

அதனால் ஒரு சட்டம் வைத்தேன். முட்டை இருக்கிற காலத்தில் பாதை வளைவைத் தாண்டிப் போகக் கூடாது. கூட்டை மறைக்கிற கிளையில் ஒரு இலையைக் கூடத் தொடக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. லிங்கராஜுக்கு இது பிடித்துப் போயிற்று. என்னைவிடக் கண்டிப்பாக அவன் அந்தச் சட்டத்தைக் காத்தான். மூன்று வருடம் அந்த ஜோடி அதே மரத்துக்கு வந்தது. மூன்றாம் வருடம் பெருமாளிடமும் சொன்னேன். அவனிடம் மறைப்பது எனக்குத் துரோகம் மாதிரி இருந்தது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் பெருமாள் முதல் தடவையாக என் மாக்ரோவைக் கேட்டான். வீட்டு நகைகளை லாக்கரில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்க வேண்டுமாம். கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் துடைத்துப் பளபளவென்று திருப்பித் தந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கல்லாறுக்குப் போனேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கென்று லிங்கராஜ் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தான். பாதை வளைவில் நின்று பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. மறைத்து நின்ற கிளையை வெட்டுக்கத்தியால் சீராக வெட்டி எடுத்திருந்தார்கள். இன்னொரு கிளையை இழுத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கூட்டின் மேல் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பறவை இல்லை. கீழே சருகில் முட்டை உடைந்து கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. கயிற்றைப் பார்த்தேன். சருகுக்கட்டு கட்ட லிங்கராஜ் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.

நேராகப் பெருமாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயதில் ஒரு முட்டைக்காக அழுதேன். அவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான். லிங்கராஜைத் தனியாகப் பார்க்க வேண்டாம், கதை கட்டிவிடுவான், முதலில் ஃபாரஸ்ட் ஆபீசில் எழுத்தில் கொடு என்றான். அவனுக்கு மலையாளக் கையெழுத்து அழகாக வரும். புகாரை அவனே எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

ஃபாரஸ்டர் லிங்கராஜைக் கூப்பிட்டுக் கிளையை வெட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றான். யாருக்காக வெட்டினாய் என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், பெருமாளைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். நானும் கேட்டேன், யாரைக் கூட்டி வந்து காட்டினாய் என்று.

"நீங்களே இப்படிக் கேக்கலாமா சார்?" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிவிட்டு எதிர்க்கேள்வி வேறு கேட்கிறாயா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு அவனுக்கு வாட்சர் வேலை போயிற்று. மாதம் முடிவதற்குள் மாடம்மாளின் சாயாக்கடையும் அங்கே இல்லை.

அடுத்த வருடம் கிளப் போட்டியில் என்னை மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போட்டார்கள். ஸ்லைடுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரையில் போடுவார்கள், மார்க் போட வேண்டும். முப்பத்தேழாவது ஸ்லைடு வந்தபோது பக்கத்தில் இருந்த ஸ்ரீகண்டன் சார் மூச்சை இழுத்துப் பிடித்தார். தவளைவாயன். திரை முழுக்க முகம். அலகோரத்து மீசை முடிகளை எண்ணலாம். பாதி திறந்த ஒரு கண். வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக முட்டை எட்டிப் பார்த்தது.

நான் பறவையைப் பார்க்கவில்லை, அதன் பின்னால் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் ஒழுகுகிற இடமெல்லாம் மங்கலான ஏழு மூலை வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே மூலை, எலி கொறித்த பப்படம் மாதிரி, குறைந்திருந்தது.

அது என் லென்ஸின் குறை. தொண்ணூற்றெட்டில் பூஞ்சையைத் துடைக்கிறேன் என்று அதை வீட்டிலேயே திறந்து, திரும்பப் பூட்டும்போது ஒளித்துளைத் தகடுகளில் ஒன்றை வளைத்துவிட்டேன். பின்னால் மங்கலாக விழுகிற வெளிச்சம் அந்தத் துளையின் வடிவத்தைத்தான் எடுக்கும். வீட்டில் லென்ஸைத் திறக்கிறவர்களைக் கிண்டல் செய்தே பேர் வாங்கியவன் நான். அதனால் பெருமாளிடம் கூட அதைச் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. மற்ற நடுவர்கள் பத்துப் போட்டார்கள். நான் சைபர் போட்டேன். என்ன பிரயோஜனம்? முதல் பரிசு அதற்குத்தான். உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். வளைந்த தகட்டின் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஒரு பட்சிடே அது. மூணு வருசமா நீ வளைவுல நின்னு மரத்தப் பாத்துக்கிட்டு இருந்த. படமும் எடுக்கல, எடுக்க விடவுமில்ல. நான் எடுத்தேன். வேணும்னா பரிசுல ஒம் பேரையும் சேத்துப் போடச் சொல்லுதேன்."

லிங்கராஜுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை, கேட்டேன், வெட்டித் தந்தான் என்றான். அவனை அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. பதினோரு வருடம் அவன் முகத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு அது முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அலமாரியை நான் திறக்கவே இல்லை. திறந்த அன்றைக்குத்தான் கட்டிலில் அந்தப் பாதிச் சேகரிப்பைப் பார்த்தேன். மற்றப் பாதி நாகர்கோவில்காரன் வீட்டில் இருக்கிறது. இனி ஒருவனை நம்பி லென்ஸ் வாங்கக் கூடாது, மாக்ரோவைக் கொடுத்துவிட்டு ஒரு 300 வாங்குவது என்று முடிவு செய்தேன். அதை விற்றுவிடலாம் என்று மஞ்சள் டேப்பை உரிக்கப் போனேன். நகத்தை வைத்தவுடன் லிங்கராஜ் நினைவுக்கு வந்தான்.

தப்புச் செய்தவன்தான். ஆனால் பெரிய தப்பைச் செய்தவன் பரிசு வாங்கிவிட்டான், சின்னத் தப்பைச் செய்தவன் வேலையைத் தொலைத்துவிட்டான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவனைத் தேடிப் போய், மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, ஃபாரஸ்டரிடம் மறுபடியும் பேசி வேலை வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிறைந்தது. எலிசாள் மட்டும், "மன்னிக்கப் போறீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள்.

கல்லாறு பஸ் ஸ்டாப்பில் விசாரித்ததில், லிங்கராஜ் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டிடம் எழுப்புகிற இடத்தில் இருக்கிறான் என்று சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். மணல் குவியல் பக்கத்தில் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தான். முழங்கை வரைக்கும் சிமெண்டு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், பழைய பழக்கம். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். படம் எடுத்தது பெருமாள் என்று தெரிந்துவிட்டது, நீ செய்ததை மன்னித்துவிட்டேன், வேலைக்கு நான் பேசுகிறேன் என்றேன். அவன் பாத்திரத்தை மூடிவைத்தான்.

"அந்த மஞ்சக்கயிறு லென்ஸு வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டான்.

திரும்பும்போது கடையில் விலை கேட்கலாம் என்று பையில் வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். கையில் சிமெண்டு இருந்ததால் தொடவில்லை. குனிந்து டேப்பை மட்டும் பார்த்தான்.

"இதக் காட்டித்தான் உங்க கூட்டாளி அவிய வந்தாவ. சாருக்கு லீவு கெடைக்கல, அதான் லென்சக் குடுத்து எடுத்துட்டு வரச் சொன்னாரு, மறைக்கிற கிளைய மட்டும் நீ வெட்டிக் குடுன்னு சொன்னாவ. ஒரு எலையத் தொட விடாத மனுசன் இப்பிடிச் சொல்லுவாரான்னு எனக்கும் இருந்துச்சு. பொறவு லென்சப் பாத்தேன். இது வந்தா நீங்க வந்த மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க. வெட்டினேன்."

ஆபீசில் இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்பிடிச் சொல்ல? அவிய பேரச் சொன்னா நீங்க அனுப்புனதும் சேந்துல்லா வெளிய வரும். உங்களுக்குக் கவர்மெண்டு வேல. நீங்களே வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன் சார்."

சைரன் ஊதியது. அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிப் போனான். அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காகத்தான் நான் கழக்கூட்டம் வரைக்கும் போயிருந்தேன்.